பனிக்கு எத்தனை அட்சரம்

ஞாயிறு மத்தியானம், திருப்பூர்.
பனியன் கம்பெனி குடோனில்
கட்டிங் வேஸ்ட் மூட்டைகள்தான் எங்கள் சபை.
சிவப்பு மூட்டைக்கு அடிதடி.
சாம்பல் மூட்டையில் யாரும் உட்காரவில்லை.
பக்கத்து ஷெட்டில் ஒரு ஓவர்லாக் மட்டும்
நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.
"அவசர ஆர்டருங், பொறுத்துக்கோணும்" என்றார்
சூப்பர்வைசர் சென்னியப்பன்.

கோகிலவாணி பெட்டியைத் திறந்து
முதலில் அந்த மெஷினைத்தான் கேட்டாள்.
அதன் சுருதிக்கே வயலினை முறுக்கிக்கொண்டாள்.
என் கடத்தை முறுக்கவா முடியும்?
அது சூளையிலேயே முடிந்துபோன வழக்கு.

இதுவரை ஆறு கதை வாசித்திருக்கிறோம் இவர்களுக்கு.
கடன் வாங்கிய மத்தளத்தோடு
கடல் தாண்டிப் போன ஆப்பிரிக்க ஆமைக்கு
முகாரி போட்டோம்;
ஆமை எதுக்கு அழுகுது என்று சிரித்தார்கள்.
ஒட்டகக் கதையில் கூட்டம் தூங்கிவிட்டது,
ஒட்டகமும்தான்.

இன்றைக்குக் கரடி.
வடக்கே, வரைபடமே வெள்ளையாகிப்போகும் தேசத்தில்
ஒரு கரடி
சூரியனைக் குண்டாவில் போட்டு மூடி
மேலே ஏறி உட்கார்ந்துகொண்டதாம்.
கரடி என் இடது உள்ளங்கை.
மூடி என் நகம்.
தொம் என்று உட்கார்ந்தேன்,
இருட்டிப்போச்சு என்று ஒரு பொடுசு கத்தினான்.

அப்புறம் பனி பெய்தது.
வாணி அமிர்தவர்ஷிணியைத் துரிதத்தில் அவிழ்த்துவிட்டாள்,
பத்து விரலும் பொழிந்தன பானை மேல்.
நனைந்துபோய்விட்டோம் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது மூட்டையிலிருந்து சரிமாயா எழுந்தாள்.
வாட்ச்மேன் மகள், நேபாளம்,
தமிழுக்கு வந்து ஒன்றரை வருஷம்.
"அக்கா, இது மழை."

வில் பாதியில் நின்றது.

"பனி சத்தம் போடாது.
சத்தமெல்லாம் நின்னுபோகும். அதான் பனி.
காலைல கதவு திறந்தாத்தான் தெரியும்."

பதினெட்டு வருஷக் கச்சேரியில்
எங்கள் ராகம் தப்பென்று யாரும் சொன்னதில்லை;
ஈரோட்டில் ஒருவர் மைக் தப்பென்றார், அவ்வளவே.
பனிக்கும் பனியனுக்கும் நடுவே இரண்டெழுத்து.
எங்களுக்குத் தெரிந்தது பின்னதுதான்.
முன்னது மார்கழி விடியலில்
மப்ளருக்குள் மூக்கை ஒளித்துக்கொள்வது.

"அப்ப எப்படி வாசிக்கறது கண்ணு?"
அவள் தோளைக் குலுக்கினாள்.
ஒடியாப் பையன் லிங்கராஜ் சொன்னான்:
"வாசிக்காதீங்க."

வாணி வயலினை மடியில் சாய்த்தாள்.
ஆதி தாளம், எட்டு அட்சரம்.
சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்.
தட்டு வரும்போது
தொடைக்கு ஒரு நூல் மேலே கை நின்றுவிட வேண்டும்.
வீச்சில் உள்ளங்கை வானம் பார்க்கும்.
இருபத்தெட்டு கைகள்.
ஓர் ஆவர்த்தனம்.
இன்னொன்று.
மூக்கு உறிஞ்சிய ஒருவனை எல்லோரும் முறைத்தார்கள்.
மூன்றாவதில்
என் இரண்டு கையும் கடத்தின் மேல் அசையாமல் கிடந்தன,
தோள்வரை கனம் ஏறியது.

ஓவர்லாக் நிற்கவில்லை.
அவசர ஆர்டர்.
பனி அதன் மேலும் விழுந்தது.

பிறகு மூடியைத் திறந்தோம், சூரியன் வந்தது,
கரடி மன்னிப்புக் கேட்டது,
புத்தகத்தில் போட்டபடி எல்லாம் நடந்தது.
கூலிக்கு ஆளுக்கு நாலு டீ-ஷர்ட்,
நெஞ்சில் எழுத்துப் பிழையோடு ஏதோ ஊர்ப் பெயர்.

கேட்டருகே சரிமாயா பிடித்துக்கொண்டாள்.
"கரடி எதுக்கு சூரியனை வெச்சுகிச்சு?"
புத்தகத்தில் இல்லை என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"குளிர்ந்திருக்கும்" என்றாள்,
தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பல்லடம் பஸ்ஸில் சன்னலோர வெயில்.
மடியில் கடம், அதன் மேல் என் இரண்டு கையும்.
கண்டக்டர் குனிந்து பார்த்தார்:
"உள்ள என்னங்க?"
"ஒண்ணுமில்லீங்."
லக்கேஜுக்குத் தனியாக ஒரு டிக்கெட் கிழித்தார்.
பானை சுட்டது.
நான் கையை எடுக்கவில்லை.